நனைந்த சுற்றளவா, நனைவிளிம்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வாய்க்கால் கைப்புத்தகத்துக்கான சொற்பட்டியலை இங்கே இட்ட பிறகு வந்த மடல்களை எல்லாம் படித்தேன். பெரும்பாலான சொற்களுக்கு மறுப்பில்லை. இழை சிக்கிக்கொண்டு நிற்பது இரண்டு இடத்தில்தான்: வெட்டட் பெரிமீட்டருக்கு நான் இட்ட 'நனைவிளிம்பு', ஹைட்ராலிக் ரேடியஸுக்கு இட்ட 'நனைவீவு'.

> நனைந்த சுற்றளவு, நீரியல் ஆரம் என்று போட்டுவிட்டுப் போகலாமே. எதற்கு இத்தனை மடல்?

போகலாம்தான். ஆனால் இந்தப் புத்தகம் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டின் 2000ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களின் நிர்வாகிகளும், பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கும் பிள்ளைகளும்தான் இதைப் படிக்கப் போகிறவர்கள். டேப்பையும் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, வீட்டுக்கு வந்து கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கில் அவர்களை வழுக்கி விழவைக்காத சொல்தான் நமக்கு வேண்டும். ஆகவே முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

சாதாரண மண் வாய்க்கால் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடி அகலம் 3 மீட்டர். தண்ணீர் 1 மீட்டர் ஆழம் நிற்கிறது. இரண்டு கரையும் ஒன்றுக்கு ஒன்று சாய்வு. நீளவாக்கில் 2,500 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம். தண்ணீரின் குறுக்குவெட்டுப் பரப்பு 4 சதுர மீட்டர் வருகிறது. தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்கும் அடியையும் இரண்டு சரிவுகளையும் சேர்த்தால் 5.83 மீட்டர்; இதுதான் வெட்டட் பெரிமீட்டர். பரப்பை அதனால் வகுத்தால் கிடைப்பது 0.69 மீட்டர். இந்த 0.69ஐத்தான் ஆங்கிலத்தில் ஹைட்ராலிக் ரேடியஸ் என்கிறார்கள். அதை மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்தி, இறக்கத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி, மேனிங் எண்ணால் (வாய்க்கால் ஓட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் எண்) வகுத்தால் வேகம் வந்துவிடும். ஓரளவு சுத்தமான மண் வாய்க்காலுக்கு மேனிங் எண் 0.025 என்று வைத்தால் வேகம் வினாடிக்கு 0.62 மீட்டர். பரப்பால் பெருக்கினால் வினாடிக்குச் சுமார் 2.5 கன மீட்டர். நம் ஊர்க் கணக்கில் 88 கன அடி.

இப்போது 'நனைந்த சுற்றளவு' என்று படித்த மாணவர் என்ன செய்வார்? சுற்றளவு என்றால் சுற்றி வருவது என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அவர் அடியையும் சரிவுகளையும் கூட்டி, மேலே நீர்மட்டத்தின் 5 மீட்டர் அகலத்தையும் சேர்த்துச் சுற்றை மூடிவிடுவார். தண்ணீரின் மேல்பக்கம் நனைந்திருக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்? 5.83 என்பது 10.83 ஆகிவிடும். 88 கன அடி 58 ஆகிவிடும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் தாளிலேயே காணாமல் போகிறது. மேல்பக்கத்தை ஏன் சேர்ப்பதில்லை? அங்கே தண்ணீரைப் பிடித்து இழுக்கும் சுவர் இல்லை, காற்றின் உராய்வு கணக்கில் எடுக்கிற அளவுக்கு இல்லை. இந்தச் செய்தி சொல்லிலேயே இருந்தால் நல்லது.

அதனால்தான் நான் 'நனைவிளிம்பு' என்று எழுதியிருந்தேன். இது வினைத்தொகை. நனைந்த விளிம்பு, நனைகிற விளிம்பு, நனையும் விளிம்பு என்று மூன்று காலத்துக்கும் விரியும். வாய்க்காலில் இதுதான் நடக்கிறது. மதகைக் கூடுதலாகத் திறந்தால் இந்த நீளம் ஏறுகிறது, மூடினால் இறங்குகிறது. 'நனைந்த' என்று இறந்தகாலத்தில் கட்டிப்போட்டால், நேற்றைய ஈரக்கறை வரை அளக்கச் சொல்வதுபோல் ஆகிறது. ஈரக்கறையை அளந்துகொண்டு வந்த மாணவர்களைப் பார்த்த ஆசிரியர்கள் இந்தக் குழுமத்திலேயே இருப்பார்கள்.

'நனைகரை' என்று ஒரு நண்பர் சொன்னார். காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் கரை என்றால் இரண்டு பக்கம் மட்டும்தான், அடி விட்டுப்போகிறது. நம் வாய்க்காலில் 5.83இல் 3 மீட்டர் அடிதான். விளிம்பு என்றால் பாத்திரத்தின் மேல்விளிம்பு ஞாபகம் வராதா என்ற கேள்வி நியாயமானது. நான் விளிம்பு என்று சொல்வது வாய்க்காலின் விளிம்பை அல்ல, குறுக்குவெட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் வடிவத்தின் விளிம்பை. படத்தோடு ஒருமுறை காட்டிவிட்டால் பிறகு குழப்பம் வராது என்று நினைக்கிறேன். முழுதாக நிரம்பி ஓடும் குழாயில் மட்டும் நனைவிளிம்பும் சுற்றளவும் ஒன்றாகிவிடும்.

அடுத்தது ஆரம். இதில்தான் எனக்குக் கடும் மறுப்பு.

1 மீட்டர் விட்டமுள்ள குழாய் நிரம்பி ஓடுகிறது. ஆரம் 0.5 மீட்டர். ஹைட்ராலிக் ரேடியஸ் எவ்வளவு? 0.25. விட்டத்தில் கால் பங்கு, ஆரத்தில் பாதி. உண்மையான ஆரம் இருக்கிற ஒரே இடத்தில்கூட இந்த 'ஆரம்' அதோடு ஒத்துப்போவதில்லை. ஆரம் என்ற பெயரை நம்பி 0.5ஐப் போட்டவருக்கு வேகம் 59 விழுக்காடு கூடுதலாக வரும். கழிவுநீர்க் குழாய் வடிவமைப்பில் இது சின்னத் தப்பில்லை.

> ஆங்கிலப் புத்தகத்துக்குப் போகும்போது மாணவர் ரேடியஸ் என்றுதானே பார்ப்பார்?

பார்ப்பார். ஆனால் இந்தியப் பாடப்புத்தகங்கள் பலவற்றில் அதே அளவுக்கு ஹைட்ராலிக் மீன் டெப்த் என்ற பெயரும் இருக்கிறது. ஆங்கிலத்திலேயே ஒரு பெயரில் நிற்காத சொல்லுக்கு நாம் ஏன் நிழலாகப் போக வேண்டும்? சரி, அப்படியானால் 'நீரியல் சராசரி ஆழம்' என்று வைத்துக்கொள்ளலாமா என்றால் அங்கேயும் ஒரு பள்ளம். பரப்பை நீர்மட்டத்தின் அகலத்தால் வகுத்தால் வருவதும் ஒரு சராசரி ஆழம்தான். ஃப்ரூட் எண்ணை (ஓட்டத்தின் வேகத்தை நீர்ப்பரப்பில் அலை செல்லும் வேகத்தோடு ஒப்பிடும் எண்) கணக்கிட அதுதான் வேண்டும். நம் வாய்க்காலில் நடுவில் ஆழம் 1 மீட்டர், அகலத்தால் வகுத்த ஆழம் 0.8, நனைவிளிம்பால் வகுத்தது 0.69. ஒரே தண்ணீருக்கு மூன்று ஆழம் வைத்தால் படிக்கிறவர் புத்தகத்தை மூடிவிடுவார்.

நான் முதலில் யோசித்தது 'நனையாழம்'. ஆனால் எழுதிப் பாருங்கள், கண் அதை 'நனையா ஆழம்' என்று பிரிக்கிறது. நனையாத ஆழத்தை வைத்துத் தண்ணீர்க் கணக்கா! விட்டுவிட்டேன். 'விகிதம்' சேர்த்தால் அலகில்லாத எண் என்று தோன்றும். இதற்கோ மீட்டர் என்ற அலகு உண்டு.

வகுத்தால் வருவதற்கு நம்மிடம் பள்ளிக்கூடச் சொல் ஒன்று இருக்கிறதே: ஈவு. வகுக்கும் எண், ஈவு, மீதி என்று நாலாம் வகுப்பிலிருந்து சொல்லி வருகிறோம். பரப்பை நனைவிளிம்பால் வகுத்து வரும் ஈவை 'நனைவீவு' என்கிறேன். எப்படிக் கணக்கிடுவது என்பது பெயரிலேயே இருக்கிறது, ஆரமா ஆழமா என்ற வழக்கும் தீர்ந்தது. யாழ்ப்பாணத்து நண்பர் எழுதியிருந்த சிக்கலுக்கும் இது பதில். நாம் ஆரம் என்பதை அங்கே ஆரை என்கிறார்கள்; திசைவேகத்தை வேகம் என்றும், நம் வேகத்தைக் கதி என்றும் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாக்க நம்மால் ஆகாது. புதிதாக உருவாக்கும் சொல்லிலாவது இரண்டு கரைக்கும் பொதுவானதை எடுக்கலாமே. 'நனைவீவு' வாயில் கொஞ்சம் வழுக்குகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வகுப்பில் பத்து முறை சொன்னால் பழகிவிடும். ஆக்சிஜனை உயிர்வளி என்று சொல்வதைவிடக் கடினமில்லை.

அப்புறம், பட்டியலில் யாருமே கவனிக்காமல் விட்ட ஒரு சொல்லைப் பற்றி இரண்டு வார்த்தை. ஸ்லோப் என்ற ஒரே சொல்லை ஆங்கிலம் இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறது: வாய்க்கால் நீளவாக்கில் இறங்குவதற்கும், கரை பக்கவாக்கில் சரிவதற்கும். நான் முதலாவதற்கு 'வாட்டம்' என்றும் இரண்டாவதற்குச் 'சாய்வு' என்றும் போட்டிருக்கிறேன். வாட்டம் நான் உருவாக்கியதல்ல. எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்வார். குளியலறைத் தரையில் தண்ணீர் தேங்கினால் "வாட்டம் பத்தல" என்பார். மொட்டை மாடிக்குத் தட்டோடு பதிக்கும்போது நூல் கட்டி வாட்டம் பார்ப்பார். தண்ணீர் தானாக ஓடுவதற்காகக் கொடுக்கும் இறக்கம் என்ற முழுப்பொருளும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. 'படுகைச் சரிவு விகிதம்' என்று நீட்டி எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை. பயிர் வாடுவதும் வாட்டம்தானே என்று ஒருவர் கிண்டல் செய்திருந்தார். வாய்க்காலில் வாட்டம் இல்லாவிட்டால் கடைமடைப் பயிருக்கு வாட்டம் வரும், அவ்வளவுதான்.

வினாடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதைக் குறிக்கும் டிஸ்சார்ஜுக்குச் செய்தித்தாள்கள் 'வெளியேற்றம்' என்று எழுதுகின்றன. அணை மதகுக்கு அது பொருந்தும். வாய்க்காலின் நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர் எதிலிருந்தும் வெளியேறவில்லை. 'நீரோட்ட வீதம்' போதும். 'ஓட்டளவு' என்று சுருக்க ஆசைதான், தேர்தல் நேரத்தில் வேறு அர்த்தம் வரும்.

மேனிங் எண்ணைச் 'சொரசொரப்புக் குணகம்' என்று மாற்றச் சொன்னவருக்கு: ஆங்கிலத்தில் அப்படித்தான் இருக்கிறது, ஆனால் அந்த எண்ணில் சொரசொரப்பு மட்டும் இல்லை. வளைவு, மேடுபள்ளம், கோரை, நாணல், ஆகாயத்தாமரை எல்லாம் அதற்குள் அடக்கம். ஆளின் பெயரிலேயே விட்டுவிடுவது நேர்மை. ராபர்ட் மேனிங் அயர்லாந்தில் பொறியாளர். 1889இல் தன் ஆய்வைப் பொறியாளர் சங்கத்தில் வாசித்தார். அதே மூன்றில் இரண்டு அடுக்கை 1867இலேயே பிரான்சில் கோக்லர் என்ற பொறியாளர் சொல்லியிருந்தார். வேடிக்கை என்னவென்றால் மேனிங்குக்கே இந்தச் சமன்பாடு பிடிக்கவில்லை. கனமூலம் கண்டுபிடித்துப் பிறகு வர்க்கப்படுத்துவது அந்தக் காலத்தில் பெரிய தொல்லை. அலகுகளும் இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை. அவர் கைவிட்டதை உலகம் பிடித்துக்கொண்டது.

இந்த எண்தான் களத்தில் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிறது. நம் வாய்க்காலுக்கே வழவழப்பாகக் கான்கிரீட் போட்டு 0.015 என்று எடுத்தால் 88 கன அடி 146 ஆகும். கோரை மண்டி 0.05 ஆனால் 44. ஆனால் தலைமதகில் 88 கன அடிதான் திறக்கிறார்கள், அதைக் கோரை பாதியாக்கிவிடாது. தண்ணீர் மெதுவாக ஓடும், அதனால் மட்டம் ஏறும். மட்டம் ஏறினால் தலைமடைப் பக்கத்து மதகுகள் எல்லாம் தங்கள் பங்குக்கு மேல் இழுக்கும். மதகைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கர் யாருக்கும் கூடுதலாகத் திறந்துவிடவில்லை, மதகில் யாரும் கைவைக்கவில்லை, ஆனாலும் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராது. சங்கக் கூட்டங்களில் நடக்கும் சண்டையில் பாதி இந்தக் கோரையால் வருவது. தூர்வாரச் சொல்லி மனு எழுதும்போது மேனிங் எண்ணையும் சேர்த்து எழுதக் கற்றுக்கொண்டால் மனுவுக்கு எடை கூடும். கைப்புத்தகத்தில் நான் அதிகப் பக்கம் ஒதுக்க நினைப்பது இதற்குத்தான்.

கிரிட்டிகல் வெலாசிட்டி பற்றி ஒரு எச்சரிக்கை. ஆங்கில வாய்க்கால் புத்தகங்களில் அந்தப் பெயரில் இரண்டு ஆசாமிகள் உலவுகிறார்கள். ஃப்ரூட் எண் 1 ஆகும்போது உள்ள வேகம் ஒன்று. இயற்பியல் பாடநூலில் மாறுநிலை வெப்பநிலை என்று இருப்பதால் இதற்கு 'மாறுநிலை வேகம்' சரி. இன்னொன்று பஞ்சாபில் மேல் பாரி தோவாப் கால்வாயில் கென்னடி என்ற பொறியாளர் கண்டு 1895இல் வெளியிட்டது. வண்டல் படியவும் செய்யாத, அடியை அரிக்கவும் செய்யாத வேகம். இரண்டுக்கும் உறவே கிடையாது. இதற்குப் 'படியா அரிக்கா வேகம்' என்று போட்டிருக்கிறேன். அந்த ஊர் வண்டலுக்கான அவருடைய கணக்குப்படி 1 மீட்டர் ஆழத்துக்கு அது வினாடிக்கு 0.55 மீட்டர். நம் வாய்க்கால் 0.62இல் ஓடும்போது வண்டல் நிற்காது. கோரை மண்டி அதே ஆழத்தில் 0.31க்கு இறங்கினால் வண்டல் படியும், படிந்த வண்டலில் இன்னும் கோரை முளைக்கும்.

நனைவிளிம்பு, நனைவீவு, வாட்டம் இந்த மூன்றுக்கும் மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். மறுக்கிறவர்கள் தங்கள் சொல்லை வைத்து மேலே உள்ள கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டிவிட்டு மறுத்தால் பேச வசதியாக இருக்கும். வேகமாக ஓடும் தண்ணீர் திடீரென மட்டம் உயர்வதான ஹைட்ராலிக் ஜம்ப்புக்கு 'நீர்த்தாவல்', 'நீர்த்துள்ளல்' என்று இரண்டு வந்திருக்கின்றன. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், இங்கே கலக்க வேண்டாம்.