புதுப்பிப்பு: மைனரா ஜாப்பனீஸ், கூடவே என்5 தேர்வு

மெக்கானிக்கல் படிச்சுக்கிட்டே மைனரா, அதாவது துணைப் பாடமா, ஜாப்பனீஸ் எடுத்தா காலேஜ் கிரெடிட் மட்டும் போதுமா, தனியா சர்டிஃபிகேட் வேணுமான்னு கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் தேங்ஸ். "டிசம்பர்ல ஜேஎல்பிடி என்5 எழுதிடு தம்பி"ன்னு ஒரு அண்ணா சொன்னாரே (ஜேஎல்பிடிங்கிறது ஜாப்பனீஸ் மொழித் தேர்வு, என்5 அதுல ஆரம்ப லெவல்), அதுதான் ஒர்க் அவுட் ஆச்சு, சென்னை சென்டர்லயே எழுதி பாஸ்.

180க்கு 80 எடுத்தா பாஸ்னு அசால்ட்டா இருக்காதீங்க, லிசனிங்ல தனியா 60க்கு 19 வேணும், ஆடியோ ஒரே தடவைதான் ஓடும், ஒரு வார்த்தைய யோசிச்சுக்கிட்டு நின்னா அடுத்த கேள்வி போயிடும்.

எதிர்பார்க்காத விஷயம், என்5ல பேசவும் வேணாம் கையால எழுதவும் வேணாம், பென்சில்ல வட்டத்தை கறுப்பாக்குறதோட சரி, ஆனா காலேஜ் இன்டர்னல்ல ஹிரகானா கட்டகானான்னு ஜாப்பனீஸ் எழுத்துகளை எழுதவச்சே வாட்டி எடுத்துட்டாங்க, வைவா வேற. இன்டர்ன்ஷிப் ஃபார்ம்ல கேட்டது என்5 மட்டும்தான்.