பாஸ்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் நாட்களில் குழந்தையை மாமல்லபுரம் அழைத்துச் செல்லலாமா?

நிலாமுற்றம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் டெக்சாஸில் வாழும் தமிழ்க் குடும்பம். காரா (மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையம்) வழியாகப் பதிவு செய்து, நீண்ட காத்திருப்புக்குப் பின், தென்மாவட்டக் குழந்தைகள் இல்லமொன்றில் வளர்ந்த நாலரை வயதுப் பெண் குழந்தையைத் தத்தெடுத்திருக்கிறோம். மாவட்ட ஆட்சியரின் தத்தெடுப்பு ஆணை கிடைத்துவிட்டது. குழந்தையின் பாஸ்போர்ட் வந்ததும் விசாவுக்காக டெல்லியிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குச் செல்ல வேண்டும். அதுவரை திருவான்மியூரில் என் அம்மாவின் வீட்டில் தங்கியிருக்கிறோம். குழந்தை எங்களிடம் வந்து இன்றோடு பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன.

மூத்த மகளுக்குப் பத்து வயது. இந்தப் பயணத்தில் மாமல்லபுரம் காட்டுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். பன்னிரண்டு நாட்களாக வீட்டுக்குள்ளேயே தங்கைக்கு விட்டுக்கொடுத்து வரும் அவளை இனியும் காக்க வைக்க மனம் வரவில்லை. ஆனால் சின்னவள் கடலைப் பார்த்ததே இல்லை. நான் குளிக்கச் சென்றாலும் கதவருகே வந்து நிற்கிறாள். அழுவதுகூட இல்லை, அதுவே எனக்குப் பெருங்கவலையாக இருக்கிறது. அண்ணன் குடும்பமும் சித்தி குடும்பமும் சேர்ந்து ஒரே வேனில் போகலாம் என்று அன்போடு வற்புறுத்துகிறார்கள். இப்போது இந்தப் பயணம் தகுமா, தகும் என்றால் எப்படிப் போவது நல்லது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இருமகன் அம்மா:

சகோதரி, தாராளமாகப் போகலாம். ஆனால் நீங்கள் நால்வர் மட்டும் போங்கள்.

எங்கள் இளைய மகன் மூன்றரை வயதில் எங்களிடம் வந்தான். வந்த இரண்டாவது வாரத்தில் அவனைக் கோவளம் அழைத்துச் சென்றோம். வழியெல்லாம் ஒரு சொல் பேசவில்லை. வண்டியை நிறுத்தியதும் தானே இறங்கி, தன் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தேநீர்க் கடை வாசலில் நின்றிருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்மணியின் அருகில் போய் அமைதியாக நின்றான். அடுத்த அம்மா அவர்தான் என்று எண்ணிக்கொண்டான் என்பது எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அதுவரை அவன் வண்டியில் ஏறிய ஒவ்வொரு முறையும், மருத்துவமனையிலிருந்து இல்லத்துக்கும், அந்த இல்லத்திலிருந்து வேறோர் இல்லத்துக்கும், பிறகு எங்களிடமும் என்று, ஏறிய இடத்துக்குத் திரும்பி வந்ததே இல்லை. அவனைப் பொறுத்தவரை வண்டி என்றால் கைமாறுவது. அந்தப் பையை அவன் கையில் கொடுத்தனுப்பியது நான்தான் என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

ஆகவே உங்கள் மகளின் தலையணையும் அவளுக்குப் பிடித்த உடுப்பும் அவள் கண்ணெதிரே வீட்டிலேயே இருக்கட்டும். உங்கள் அம்மா உடன் வர வேண்டாம். திரும்பி வரும்போது வாசலில் காத்திருக்கும் ஆளாக அவர் வீட்டில் இருப்பதே குழந்தைக்குப் பேருதவி. இரவு என்ன சமைத்து வைப்பார் என்பதை முன்கூட்டியே அவரே அவளிடம் சொல்லட்டும். நம் வீடுகளில் வெளியே கிளம்புகிறவர் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை அல்லவா? ‘போயிட்டு வரேன்’ என்று அவள் வாயாலேயே பாட்டியிடம் சொல்லச் செய்யுங்கள்.

உறவினரைப் பற்றி ஒன்று. இல்லத்தில் வளர்ந்த குழந்தைகள் பலர், யார் கை நீட்டினாலும் போய்விடுவார்கள். பார்ப்பவர்கள் ‘எவ்வளவு நன்றாகப் பழகுகிறாள்’ என்று மகிழ்வார்கள். உண்மையில் தன்னுடையவர் யார் என்று அவளுக்கு இன்னும் உறுதியாகாததன் அடையாளம் அது. சில மாதங்களுக்கேனும் ஊட்டுவதும் தூக்குவதும் உங்கள் இருவர் கையாலேயே நடக்க வேண்டும். வேனில் பத்துப் பேர் மாற்றி மாற்றி மடியில் வைத்துக் கொஞ்சினால் அது நடக்காது. சித்தியிடம் இதைப் பணிவாகச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

சாலுவன்குப்பத்துக்காரர்:

நான் உள்ளூர்க்காரன் என்பதால் இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 50 கி.மீ. தொல்லியல் துறையின் வாயில்கள் காலை 6 மணிக்குத் திறக்கும். விடியும்போதே கிளம்பினால் பத்து மணிக்குள் முடித்துவிடலாம். அதற்கு மேல் பாறைகளில் வெறுங்கால் வைக்க இயலாது. 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. உங்களிடம் ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருந்தால் இந்தியருக்கான கட்டணமே பொருந்தும் என்பதால் அதைக் கையில் வைத்திருங்கள்.

கடற்கரைக் கோயிலில் தொடங்காதீர்கள். அலையோசை புதிய குழந்தைக்கு அச்சம் தரும். முதலில் ஐந்து ரதங்களுக்குப் போய், ஒரே பாறையில் செதுக்கிய யானையைக் காட்டுங்கள். அடுத்து அர்ச்சுனன் தபசில் பெரிய யானைகளின் காலடியில் குட்டிகள் நிற்பதையும், ஒற்றைக் காலில் தவம் செய்யும் பூனையைச் சுற்றி எலிகள் இருப்பதையும் மூத்தவளே தேடிக் கண்டுபிடித்துத் தங்கைக்குக் காட்டட்டும். பக்கத்திலேயே உள்ள கிருஷ்ண மண்டபத்தில், பால் கறக்கும்போது பசு தன் கன்றை நக்கிக் கொடுக்கும் சிற்பம் இருக்கிறது. பல்லவர் காலத்துச் சிற்பங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். வெண்ணெய் உருண்டைப் பாறையின் சரிவு வழவழப்பாக இருக்கும். குழந்தையைக் கையை விட்டு அங்கே ஓடவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: எங்கள் கடலில் குளிக்க வேண்டாம். அடியில் இழுப்பு கடுமையானது, நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையும் கொண்டுபோயிருக்கிறது. ஈர மணலில் நின்று அலை வந்து கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற சமூகப்பணியாளர்:

ஆணை கிடைத்த பின் சட்டப்படி அவள் உங்கள் மகள். ஒருநாள் பயணத்துக்குத் தடையில்லை. எனினும் இல்லத்தாருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்; பாஸ்போர்ட் தொடர்பாக அவர்கள் உங்களைத் தேடக்கூடும். ஆணையின் நகலைக் கைப்பையில் வைத்திருங்கள். இன்னும் ‘அம்மா’ என்று அழைக்கப் பழகாத குழந்தை கூட்டத்தில் அழுதால், யாரேனும் விசாரிப்பது இயல்பு, நியாயமும்கூட.

படங்கள் எடுங்கள், ஆனால் அவளை இன்னார் என்று அடையாளம் காட்டும் விவரத்தோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ முகநூலிலோ வைக்காதீர்கள். பாதுகாப்பு தேவைப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆவது பிரிவில் தடை செய்கிறது. உறவினரிடமும் சொல்லிவையுங்கள். தத்தெடுப்புக்குப் பின் முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் இரண்டாம் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் குழந்தையின் நலன் பற்றிச் செல்லும் அறிக்கைகளோடு படங்களும் அனுப்ப வேண்டியிருக்கும். அவற்றில் முதலாவதாக இந்தக் கடற்கரைப் படம் இருக்கலாம்.

நிலாமுற்றம்:

மூவருக்கும் நன்றி. நேற்று நாங்கள் நால்வர் மட்டும் போய்வந்தோம். சித்தியிடம் உள்ளதைச் சொன்னேன். சற்று வருந்தினார், பிறகு புளிசாதம் கட்டிக் கொடுத்தார்.

வாசலில் அவள் ‘போயிட்டு வரேன் பாட்டி’ என்று நான் சொல்லச் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அம்மா, ‘வாம்மா, தோசை வார்த்து வைக்கிறேன்’ என்றார். முட்டுக்காடு தாண்டியதும் வாந்தி எடுத்தாள். அரை மணி நேரம் நிழலில் நிறுத்தினோம். கிருஷ்ண மண்டபத்தில் கன்றுக்குட்டி அருகே வெகுநேரம் நின்றாள். கடலோரம் சென்றபோது என் கழுத்தைக் கட்டிக்கொண்டவள் இறங்கவே இல்லை. வந்த நாளிலிருந்து அவளாக என்னைப் பிடித்துக்கொண்டது அதுதான் முதல்முறை. மூத்தவள் ஈர மணலை ஒரு பிடி அள்ளிக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

திரும்பும் வழியில் ஒவ்வொரு வளைவிலும் ‘பாட்டி வீடா?’ என்று கேட்டுக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் ஓடிப்போய்த் தலையணையைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு தோசை கேட்டாள்.

பாஸ்போர்ட் அடுத்த வாரம் வந்துவிடும் என்கிறார்கள். டெல்லிக்குக் கிளம்பும்போது அன்று மாலையே திரும்பி வருவோம் என்று அவளிடம் சொல்ல முடியாது. அதனால் இம்முறை தலையணையை உடன் எடுத்துச் செல்கிறோம். அம்மாவும் டெல்லி வரை வருகிறார்.