கீழாநெல்லின்னு நம்பிப் பறிச்ச கட்டு

பச்சிலைப்பித்தன்
காமாலைக்கு அரைக்க வந்த கட்டு. இலைக்கு அடியில் வரிசையாகக் காய், அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. கழுவும்போதுதான் பாதிச் செடிகளின் தண்டு சிவப்பாக இருப்பது தெரிந்தது. காயை விரலால் உருட்டினால் சொரசொரப்பு. காம்பே இல்லாமல் தண்டோடு ஒட்டியிருக்கிறது. அத்தனையும் சிவப்புக் கீழாநெல்லி! நமக்கு வேண்டியதில் காய் வழவழவென்று இருக்கும், மெல்லிய காம்பில் தொங்கும்.

உரலும்உலக்கையும்
சிவப்பு ஒண்ணும் விஷமில்லைங்க, அதையும் ஈரலுக்குக் கொடுக்கிற வழக்கம் உண்டு. இதைவிட மோசமா ஒரு மூட்டை பார்த்தேன். பேரு கீழாநெல்லிச் சமூலம், அதாவது வேரிலிருந்து இலை வரைக்கும் முழுச் செடி; பிரிச்சா வெறும் குச்சி. காய்ஞ்சதும் இலை பொலபொலன்னு உதிர்ந்துடும், குச்சியை மட்டும் அள்ளிக் கட்டியிருக்காங்க. பில்லாந்தின்கிற மருந்துச் சத்து பெரும்பாலும் இலையிலதான் இருக்கு. நிழல்ல, துணி விரிச்சுக் காய வைங்க. உதிர்ந்ததையும் சேர்த்து இடிங்க.

மோர்க்குவளை
வேரோடு அரைத்து நெல்லிக்காயளவு, மோரில், வெறும் வயிற்றில். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் காலையில் அரைத்ததை மாலைக்கும் வைத்திருந்த கிண்ணத்தைப் பார்த்தேன்: விழுது பழுப்பேறி, புளித்த வாடை. வேளைக்கு வேளை புதிதாக அரைக்க வேண்டும். சாக்கடை ஓரத்துச் செடியும், களைக்கொல்லி அடித்த வரப்புச் செடியும் வேண்டவே வேண்டாம்.

ஈரல்காவலன்
எந்தச் செடி என்று சண்டை போடுகிறீர்கள், எந்தக் காமாலை என்று ஒருவரும் கேட்கவில்லை. கண் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு, மலம் மட்டும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்த ஒருவருக்கு இதையே அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அறிகுறிகள் பித்தநாளத்தில் அடைப்பைக் காட்டுபவை. கல்லாக இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். ஸ்கேன் எடுக்காமல் மோர் குடித்தால் நாள்தான் வீணாகும். ஹெபடைடிஸ் ஏ (ஒரு வைரஸால் வரும் ஈரல் அழற்சி) என்றால் பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கிவிடும், பெயர் செடிக்குப் போய்விடும். ஹெபடைடிஸ் பி-க்கு 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த சென்னை ஆய்வைச் சொல்வீர்கள்: 200 மில்லிகிராம் தூள், தினம் 3 வேளை, 30 நாள், 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் (ரத்தத்தில் தொற்றைக் காட்டும் புரதம்) மறைந்தது. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லையே, அதை ஏன் யாரும் சொல்வதில்லை? முதலில் ரத்தத்தில் பிலிருபின் (மஞ்சள் நிறமி), எஸ்ஜிபிடி (ஈரல் பாதிப்பைக் காட்டும் நொதி) பாருங்கள். தூக்கம் தலைகீழானால், பேச்சு குழறினால் அரைப்பதை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பச்சிலைப்பித்தன்
காமாலை வகை பற்றிச் சொன்னது சரி. உரலாருக்கு மட்டும்: விஷமில்லை என்றால் அதே மருந்து என்று ஆகிவிடுமா? நீங்களே சொன்ன பில்லாந்தின் சிவப்பில் சொற்பம். சந்தேகமென்றால் விதையை லென்ஸில் பாருங்கள். நெடுக்கு வரி ஓடினால் கீழாநெல்லி, குறுக்கு வரி என்றால் சிவப்பு.