வேலையில்லாப் பகலில் சந்தித்த பெண்கள்

வேலையில்லாத இளைஞன் தமிழ் சினிமாவுக்கு மிகவும் வேண்டியவன். 1980-இல் மட்டும் 'வறுமையின் நிறம் சிவப்பு', 'நிழல்கள்' என்று இரண்டு முக்கியமான படங்கள் அவனைப் பற்றி வந்தன. வேலை போன பெண்ணைத்தான் நான் இன்னும் திரையில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தேன். ஆட்குறைப்புப் பட்டியலில் என் பெயரும் வந்தது. இப்போது காலையில் விண்ணப்பங்களை அனுப்பிவிட்டால் மீதிப் பகல் முழுவதும் என்னுடையது. படம் பார்க்கிறேன், பஸ்ஸில் சுற்றுகிறேன், நூலகம் போகிறேன். அப்படிப் போன இடங்களில் சந்தித்த சிலரைப் பற்றி எழுதத் தோன்றியது.

அதற்கு முன் ஒன்று. வேலை போன செய்தி கேட்ட உறவினர்களில் ஒருவர்கூட 'அடுத்து எங்கே முயற்சி செய்கிறாய்?' என்று கேட்கவில்லை. "போனால் போகட்டும், பையன் பத்தாம் வகுப்புக்கு வரும் நேரத்தில் நீ வீட்டில் இருப்பது நல்லதுதானே" என்றார் என் நாத்தனார். அன்பாகத்தான் சொன்னார். அவருடைய தம்பிக்கு வேலை போயிருந்தால் அவரே அன்றைக்கே குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டிருப்பார். என் வேலை போனதில் யாருக்கும் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை என்பதுதான் என்னை அதிகம் வாட்டியது.

மதிய நேரத்தில் பழைய படங்களை இந்தக் கண்ணோடு மறுபடியும் பார்த்தேன். 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தில் டெல்லியில் பட்டினி கிடக்கும் நண்பர்கள், ஸ்ரீதேவிக்குத் தெரியாமல் இருக்கச் சாப்பிடுவதுபோல் நடிக்கும் காட்சி இன்றைக்கும் நெஞ்சை அடைக்கிறது. பசியைவிட அதை மறைக்க வேண்டியிருப்பதுதான் பெரிய வேதனை என்று பாலசந்தருக்குத் தெரிந்திருக்கிறது. 2014-இல் வந்த 'வேலையில்லா பட்டதாரி'யில் தனுஷ் சிவில் இன்ஜினியரிங் படித்தவர். வீட்டில் திட்டு வாங்குகிறார், அம்மாவின் செல்லமாக இருக்கிறார், பிறகு ஜெயிக்கிறார். (தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருக்கும் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. பொறியியல் போன்ற தொழிற்படிப்பு படித்தவர்களுக்கு அது கிடையாது. அந்தப் படத்தின் நாயகனுக்கும் கிடைத்திருக்காது.)

பெண்களின் வேலையைப் பற்றி நம் சினிமா பேசாமலில்லை. 1974-இல் வந்த 'அவள் ஒரு தொடர்கதை'யில் ஒரு குடும்பமே சுஜாதாவின் சம்பளத்தில் நிற்கிறது. குடிகார அண்ணன் வேலையில்லாமல் திரியலாம், அவளால் முடியாது. 'மகளிர் மட்டும்' அலுவலகத்தில் நடக்கும் அத்துமீறலைச் சொன்னது. 'காற்றின் மொழி'யில் குடும்பத் தலைவியான ஜோதிகாவுக்கு வானொலியில் வேலை கிடைக்கிறது. வேலைக்குப் போகும் பெண், போகவிடாமல் தடுக்கப்படும் பெண், புதிதாக வேலை பெறும் பெண் எல்லோரும் இருக்கிறார்கள். நன்றாக வேலை பார்த்துக்கொண்டிருந்து ஒரு நாள் அதை இழந்து, மறுபடியும் தேடி அலைகிறவள் மட்டும் கதையின் நடுவில் வந்து நிற்கவில்லை. என் கண்ணில் படவில்லை.

ஆனால் ஊரில் அவள் எங்கும் இருக்கிறாள். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி பஸ்ஸில் ஓர் அக்காவைச் சந்தித்தேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் நாங்கள் இருவருமே வெள்ளை போர்டு பஸ்ஸுக்காகக் காத்திருந்து ஏறியவர்கள். அவர் மூன்று வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு வீட்டார் பெங்களூருக்குக் குடிபோய்விட்டார்கள். இன்னொரு வீட்டில் பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்கிவிட்டார்கள். மிஞ்சிய வீட்டு வேலையை முடித்துவிட்டு, அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் ஒவ்வொரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலிலும் இறங்கி, ஆள் தேவைப்படுகிறதா என்று வாட்ச்மேனிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். டிக்கெட்டுக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தால் இப்படித் தேடியிருக்கவே முடியாது என்றார். இந்த இலவசப் பயணத்தைக் கேலி செய்கிறவர்கள் அவர் பக்கத்தில் ஒரு முறை உட்கார்ந்து வர வேண்டும்.

எனக்கும் வேலை போய்விட்டது என்று சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். அவர் முகம் மாறி, "உங்கள் வீட்டில் வேலை செய்கிறவளை நிறுத்திவிட்டீர்களா அம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நிறுத்திவிடாதீர்கள். அவளுக்கு இது தெரியுமா? தெரிந்தால் தினமும் பயந்துகொண்டே வருவாள்" என்றார். என் சம்பளம் நின்றால் அடுத்து யார் வீட்டு அடுப்பு அணையும் என்பது அவருக்கு உடனே தெரிந்தது. அன்று மாலையே எங்கள் வீட்டுக்கு வரும் பெண்ணை உட்கார வைத்துப் பேசினேன். அவர் ஏற்கெனவே பயந்துகொண்டுதான் இருந்தார்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இன்னொருத்தி. சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பிரிவு அங்கே எப்போதும் நிறைந்திருக்கும். பெரும்பாலும் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிறவர்கள். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்றாலும் அங்கே இருப்பவர்களில் பலர் முதுகலை முடித்தவர்கள். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் அந்தப் பெண்ணும் எம்.எஸ்சி. படித்தவள். முன்பு ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்தாளாம். ஒப்பந்தம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். "வேலை போய்விட்டது என்று ஊரில் சொன்னால் உடனே மாப்பிள்ளை பார்ப்பார்கள். தேர்வுக்குப் படிக்கிறேன் என்று சொன்னால் கொஞ்ச காலம் விட்டுவைப்பார்கள் அக்கா" என்றாள். அவளுடைய ஆண் நண்பர்களுக்கும் இதே தேர்வு, இதே நெருக்கடிதான். ஆனால் தோற்றால் அவர்கள் அடுத்த முறை எழுதலாம். இவளுக்கு அடுத்த முறை என்று ஒன்று உண்டா என்பதே அப்பா கையில் இருக்கிறது. திறனறிப் பகுதியில் தனிவட்டி, கூட்டுவட்டிக் கணக்குகள் அவளுக்குத் தடுமாற்றம். எனக்கு அது தொழில். வாரத்தில் சில நாட்கள் கேன்டீன் பக்கம் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன்.

எங்கள் மாடியில் எதிர்வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். 2022-இல் சன் டிவியில் தொடங்கிய 'எதிர்நீச்சல்' தொடரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். படித்த மருமகள்களை வீட்டோடு முடக்கும் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023-இல் இறந்தபோது, இத்தனை நாள் திட்டித் தீர்த்த மனிதருக்காக இவர் அழுதாராம். அந்தத் தொடரில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். டைப்ரைட்டிங்கில் ஹையர் தேறி, ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்த கதையை அப்போதுதான் சொன்னார். "வேலையை விடு என்று எங்கள் வீட்டில் யாரும் கத்தவில்லை. இரண்டாவது பிள்ளை பிறந்ததும், யார் பார்த்துக்கொள்வது என்று மட்டும் கேட்டார்கள். தினமும் கேட்டார்கள்." தொடர்களை மட்டமாகப் பேசுவது எளிது. ஆனால் வேலையை விட வைக்கப்பட்ட ஒரு தலைமுறைக்கு அந்தக் கோபத்தை எடுத்து வைக்க வேறு இடம் கிடைக்கவில்லை.

அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பிலும் இதேதான். வேலை தேடினால் அல்லது வேலைக்குத் தயாராக இருந்தால்தான் ஒருவர் வேலையில்லாதவர். வீட்டுப் பணிகளைக் கவனிப்பவர் என்று எழுதிக்கொண்டால் அவர் உழைப்பாளர் கணக்கிலேயே வருவதில்லை. எதிர்வீட்டு அம்மாவை எந்தக் கணக்கும் வேலை இழந்தவர் என்று சொல்லியிருக்காது. எங்கள் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தால் யார் பதில் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து நானும் மறைந்துபோவேன். அதனால் வீட்டில் எல்லோரிடமும் தெளிவாகச் சொல்லிவைத்திருக்கிறேன்: யார் கேட்டாலும், அவள் வேலை தேடிக்கொண்டிருக்கிறாள் என்றே சொல்லுங்கள் என்று. நாத்தனாரிடமும் சொன்னேன். கொஞ்சம் திகைத்தார். மறுவாரம் அவருக்குத் தெரிந்த ஓர் ஆடிட்டரின் எண்ணை அனுப்பியிருந்தார்.

வேலையை இழந்து மறுபடியும் தேடும் பெண்ணை மையமாக வைத்த தமிழ்ப் படமோ சிறுகதையோ உங்களுக்குத் தெரிந்திருந்தால் பெயரைச் சொல்லுங்கள். நூலகத்தில் இருக்கும் அந்தப் பெண்ணும் கேட்டிருக்கிறாள். தேர்வு முடிந்ததும் இருவரும் சேர்ந்து பார்ப்பதாக இருக்கிறோம்.