மாரடைப்பை ரத்தத்தில் கண்டுபிடிக்கிறார்கள், புற்றுநோயை ஏன் முடியவில்லை?

வேப்பமரம்77:
அப்பாவுக்கு 61 வயது. முழு உடல் பரிசோதனைக்குப் போன இடத்தில் "இன்னும் கொஞ்சம் கட்டினால் கேன்சர் மார்க்கரும் பார்த்துவிடலாம்" என்றார்கள், சரி என்று கட்டிவிட்டோம். அதில் சிஇஏ என்ற மார்க்கர் 6.1 வந்திருக்கிறது. 5-க்குள் இருக்க வேண்டுமாம். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. உடம்பில் ஒரு தொந்தரவும் கிடையாது, சிகரெட் மட்டும் இன்னும் விடவில்லை. முன்பு ஒருமுறை நெஞ்சுவலி என்று போனபோது ட்ரோபோனின் (இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் புரதம்) எடுத்து, சில மணி நேரம் கழித்து மறுபடியும் எடுத்து, மாரடைப்பு இல்லை என்று அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். இதயத்துக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்கிற ரத்தம் இதற்கு மட்டும் ஏன் இப்படி இழுக்கிறது?

லேப்வாசி:
சிகரெட் பிடிப்பவர்களுக்கு சிஇஏ கொஞ்சம் ஏறித்தான் இருக்கும், அதனால்தான் பல லேப்களில் அவர்களுக்குத் தனி அளவே போட்டிருப்பார்கள். 1965-ல் மான்ட்ரியாலில் கோல்ட், ஃப்ரீட்மேன் இருவரும் பெருங்குடல் புற்றுக்கட்டியில் இதைக் கண்டுபிடித்தபோது, இனி ஒரு சொட்டு ரத்தம் போதும் என்றுதான் நம்பினார்கள். அப்புறம் பார்த்தால் கல்லீரல் கெட்டாலும் ஏறுகிறது, குடல் அழற்சியிலும் ஏறுகிறது, ஆரம்பநிலைப் புற்றில் பல பேருக்கு ஏறுவதே இல்லை. இன்று இதன் முக்கியமான வேலை, குடல் புற்று அறுவை முடிந்தவருக்கு நோய் திரும்புகிறதா என்று பார்ப்பது. 6.1-ஐ டாக்டரிடம் காட்டுங்கள், மறுபடி எடுக்கச் சொன்னால் அதே லேபில் எடுங்கள், சோதனைக் கிட் மாறினால் எண்ணும் மாறும்.

நுண்ணோக்கி:
ட்ரோபோனின் ஒரே நாளில் வந்ததில்லை. 1954-ல் மாரடைப்புக்கு எஸ்ஜிஓடி என்ற நொதியைப் பார்த்தார்கள், அது கல்லீரலிலும் இருக்கிறது. பிறகு சிகே-எம்பி என்ற இன்னொரு நொதி, அது மற்ற தசையிலும் கொஞ்சம் உண்டு. இதயத் தசையில் இருக்கும் ட்ரோபோனினோ மற்ற தசையில் இருப்பதிலிருந்து அமைப்பிலேயே வேறு, அதை மட்டும் பிடிக்கும் சோதனையை ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் ஹூகோ கட்டுஸ் குழு உருவாக்கியது. அதிலும் சிறுநீரகக் கோளாறு இருந்தால் எப்போதும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அதனால்தான் இரண்டு முறை எடுத்து ஏறுகிறதா என்று பார்ப்பது. முக்கியமாக, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவரிடம்தான் இதைக் கேட்கிறோம்.

புற்றுநோய்க்கு, ஒன்றும் இல்லாதவரைக் கூப்பிட்டுக் கேட்கிறோம். 10,000 பெண்களில் 4 பேருக்கு சினைப்பைப் புற்று இருக்கிறது என்று வையுங்கள். நோயில்லாதவர்களில் 99% பேரைச் சரியாக விட்டுவிடும் நல்ல சோதனைகூட 100 பேரைத் தவறாகப் பயமுறுத்தும், உறுதிப்படுத்த வயிற்றைத் திறக்க வேண்டிவரும். பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களுக்கு மேல் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு சினைப்பைப் புற்றின் மார்க்கரான சிஏ-125-ஐ ஆண்டுக்கணக்கில் பார்த்தார்கள். 2021-ல் வந்த முடிவு, இறப்பு குறையவில்லை என்பதுதான்.

2002-ல் இன்னொரு கூத்து. ரத்தத்தில் உள்ள புரதங்களின் வடிவத்தை வைத்து சினைப்பைப் புற்றுள்ள 50 பேரையும் பிடித்துவிட்டோம் என்று லான்செட் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. ஹூஸ்டனில் கீத் பேகர்லி குழு அந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட தரவுகளை எடுத்துப் பார்த்தால், கருவியின் வெறும் இரைச்சல் பகுதியை வைத்தே இரு கூட்டத்தையும் பிரிக்க முடிந்தது. வித்தியாசம் நோயில் இல்லை, மாதிரிகளை ஓட்டிய விதத்தில் இருந்திருக்கிறது.

லேப்வாசி:
இதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். காலையில் எடுத்த குழாய் மதியம்வரை வெக்கையில் கிடந்தால், சுழற்றியதும் மேலே மஞ்சளாக நிற்க வேண்டிய சீரம் இளஞ்சிவப்பாக நிற்கும், பொட்டாசியமும், எல்டிஹெச் என்ற நொதியும் ஏறியிருக்கும். நோயாளி ரத்தம் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்தும் நோயில்லாதவர்கள் ரத்தம் வேறு முகாமிலிருந்தும் வந்தால், கண்டுபிடித்தது நோயையா குளிர்பெட்டியையா?

தென்னங்கீற்று:
ஐம்பது வகைப் புற்றையும் பார்க்கும் டிஎன்ஏ சோதனை வந்துவிட்டதாமே?

நுண்ணோக்கி:
கேலரி. ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏ துண்டுகளின் மீதுள்ள மெத்தில் என்ற வேதிக் குறிகளைப் படிக்கிறது. தவறாகப் பயமுறுத்துவது 0.5% மட்டும், அது உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் 2021-ல் வெளியான ஆய்வில் முதல் நிலைப் புற்றில் சுமார் 17%-தான் பிடித்தது, நான்காம் நிலையில் 90%. சீக்கிரம் பிடிக்கத்தானே சோதனை? கட்டி சிறிதாக இருந்தால் அது உதிர்க்கும் துண்டும் சொற்பம், 10 மில்லி ரத்தத்தில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம்.

வேப்பமரம், அதே ரிப்போர்ட்டில் கெட்ட கொழுப்பு, எல்டிஎல், எவ்வளவு? 61 வயது, சிகரெட் என்றால் இதயத்தை நினைத்து நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

வேப்பமரம்77:
168. சனிக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம், இரண்டையும் காட்டுகிறேன்.