எஸ்எம்பிஎஸ் மாத்தினேன், சிஸ்டம் ஆன் ஆகல… அவசரம்!

கூடல்பையன்: வணக்கம். நேத்து ராத்திரி கம்ப்யூட்டருக்குப் புது எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் பிரிச்சுக் குடுக்குற பெட்டி), புது கிராபிக்ஸ் கார்டு ரெண்டும் போட்டேன். பவர் பட்டனை அமுக்கினா ஒண்ணும் வரல. எல்லா கேபிளும் கரெக்டாதான் மாட்டியிருக்கேன். திங்கட்கிழமை ஒரு கல்யாண வீடியோ எடிட் பண்ணிக் குடுக்கணும். கார்டு போயிடுச்சா? சீக்கிரம் சொல்லுங்க.

பழையபென்டியம்: எந்த கார்டு? எத்தனை வாட்ஸ்? எந்த பிராசசர்? ஃபேனே சுத்தலையா, இல்ல சுத்தியும் டிஸ்ப்ளே வரலையா? ரெண்டும் வேற வேற வியாதி.

ரிச்சிதெருராஜா: செகண்ட் ஹேண்ட் கார்டா? அப்போ பிட்காயின் மாதிரி காசு எடுக்க ராப்பகலா ஓட்டுற மைனிங்ல தேஞ்சதுதான். கடையில திருப்பிக் குடுங்க.

கூடல்பையன்: ஆர்டிஎக்ஸ் 3060, பில்லோட வாங்குன புதுசு. ஐ5.

சால்டர்சாமி: ஐ5 2009-லேர்ந்து வருது தம்பி. டாக்டர்கிட்ட போய் "எனக்கு உடம்பு"ன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துக்கிற மாதிரி இருக்கு.

மலர்விழி: கார்டைக் கழட்டிட்டு மானிட்டரை மதர்போர்டு எச்டிஎம்ஐ-ல சொருகிப் பாருங்க.

கூடல்பையன்: 12400எஃப். எஸ்எம்பிஎஸ் 650 வாட்ஸ். ஃபேன் அரைச் சுத்து சுத்தி 'டிக்'னு நின்னுடுது. கார்டைக் கழட்டியும் அதே கதைதான்.

மலர்விழி: ஐயோ, எஃப்-னு முடிஞ்சா உள்ளே கிராபிக்ஸே கிடையாது. நான் சொன்னதை விட்டுடுங்க.

ரிச்சிதெருராஜா: 650 பத்தாது. 750 கோல்டு போடுங்க.

பழையபென்டியம்: 3060-க்கு 170 வாட்ஸ். 12400எஃப் முழு மூச்சா ஓடினாலும் 117. கூட்டினா 300 கூட வரல. 650 தாராளம்.

சால்டர்சாமி: கோல்டுன்னா ஏதோ நகைக்கடை முத்திரைன்னு நினைப்பு. இழுக்குற கரண்ட்ல எவ்வளவு வீணாகாம உள்ளே போகுதுங்கிறதுதான் அது. பாதி லோடுல கோல்டு 90 சதவீதம், பிரான்ஸ்னு சொல்ற வெண்கல முத்திரை 85. அதுவும் 115 வோல்ட்ல சோதிச்ச கணக்கு, நம்ம வீட்டுல 230.

ரிச்சிதெருராஜா: என் பிரான்ஸ் ரெண்டே வருஷத்துல புகைஞ்சுது சாமி. கோல்டு ஆறு வருஷமா ஓடுது. புத்தகத்தை நீங்களே வச்சுக்கங்க.

சால்டர்சாமி: ஒரு வீட்டுல ஓடின ஒரு பெட்டியை வச்சு ஊருக்கே தீர்ப்பா?

பழையபென்டியம்: சண்டையை ஓரமா வைங்கப்பா. கார்டு இல்லாமலும் 'டிக்'குன்னா எங்கயோ ஷார்ட், எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாத்திக்க நிக்குது. தம்பி, கேபிளைத் தனியா கழட்டுற மாடுலர் டைப்பா? பழைய கேபிள் ஏதாவது உள்ளேயே விட்டீங்களா?

கூடல்பையன்: ஆமாண்ணே, ஹார்ட் டிஸ்குக்குப் போறது மட்டும் பழசு. போர்டுக்குப் பின்னாடி டேக் போட்டு அழகா இழுத்துக் கட்டியிருந்துச்சு, வெட்ட மனசு வரல. புது எஸ்எம்பிஎஸ்ல கச்சிதமா பொருந்துச்சே?

சால்டர்சாமி: "எல்லா கேபிளும் கரெக்டாதான்."

பழையபென்டியம்: பொருந்துறதுதான் ஆபத்தே. டிஸ்க் பக்கம் இருக்குற சாட்டா முனை எல்லாருக்கும் ஒண்ணு. எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்த ஓட்டையில 12 வோல்ட், எதுல 5, எதுல கிரவுண்டுங்கிறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சில சமயம் ஒரே கம்பெனியில மாடலுக்கு மாடல் கூட. 5 போற இடத்துல 12 போனா டிஸ்க் போர்டு கருகிடும். இனிமே பட்டனைத் தொடாதீங்க. பிளக்கைப் பிடுங்கி, அந்தக் கேபிளையும் டிஸ்கையும் எடுத்துட்டு ஆன் பண்ணுங்க. டிஸ்கை மோந்து பாருங்க. போர்டுல காவலுக்கு இருக்குற டயோடு மட்டும் செத்திருந்தா டேட்டா தப்பிக்க வழி இருக்கு, அதனால திரும்பவும் பவர் குடுத்துச் சோதிக்காதீங்க.

கூடல்பையன்: ஆன் ஆயிடுச்சுண்ணே!! டிஸ்ப்ளே வருது. டிஸ்க்ல மட்டும் கருகின வாடை. நன்றி.

மலர்விழி: அந்தக் கல்யாண வீடியோ எதுல இருந்துச்சு?

மலர்விழி: தம்பி? நாலு நாளாச்சு.

ரிச்சிதெருராஜா: அந்த 650 கோல்டா, பிரான்ஸான்னும் சொல்லாமலே போயிட்டாரு.