கார்ட்டரின் துட்டன்காமுன் கல்லறை நூல், முதல் தொகுதி: எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: பழைய புத்தகக் குவியலில், எகிப்திய மன்னர் துட்டன்காமுனின் கல்லறை பற்றி அதைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டரும் ஏ. சி. மேஸும் எழுதிய நூலின் முதல் தொகுதி கிடைத்திருக்கிறது. 1923, கேசல் பதிப்பகம். முதல் அச்சுதானா? படத்தாள்கள் சில ஒட்டியிருக்கின்றன, பூஞ்சை வாடையும் உண்டு.

பதில் 1: தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். மறு அச்சு என்ற வரி இருந்தால் முதல் அச்சு இல்லை. அடுத்து, படப் பட்டியலோடு ஒவ்வொரு படத்தாளையும் ஒப்பிட்டு எண்ணுங்கள். கல்லறையைப் படம்பிடித்த ஹாரி பர்ட்டனின் புகைப்படங்களுக்காகவே தாள்களை வெட்டி எடுத்துவிடுவார்கள். தையலோரம் குட்டையான தாள்துண்டு நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான் அடையாளம். மொத்தம் மூன்று தொகுதிகள்: 1923, 1927, 1933. பின்னிரண்டும் கார்ட்டர் பெயரில் மட்டுமே வந்தவை.

பதில் 2: ஒட்டிய தாள்களை இழுக்கவே வேண்டாம், தயவுசெய்து! வழவழப்பான படத்தாளின் மேற்பூச்சு ஈரம் பட்டால் பசையாகி, காயும்போது இறுகிவிடும். இழுத்தால் படம் எதிர்ப்பக்கத்தோடு போய்விடும். நீராவியும் காட்டாதீர்கள். அதைப் பழைய நூல்களைச் சீரமைக்கும் வல்லுநரிடம் விடுங்கள்.

பூஞ்சைக்கு: மற்ற புத்தகங்களிலிருந்து பிரித்து, காற்றோட்டமுள்ள இடத்தில் நிழலில் உலர்த்துங்கள். பூஞ்சை பொடியான பிறகே, முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே மென்தூரிகையால் துடையுங்கள். ஈரமாகத் துடைத்தால் பூஞ்சை அட்டையின் துணிக்குள் இறங்கும். பிறகு ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். 65ஐத் தாண்டினால் மறுபடி முளைக்கும்.

பதில் 3: கிழிசலுக்கு செலோடேப் வேண்டாம், பசை மஞ்சளாகித் தாளுக்குள் ஊறும். ஜப்பானியத் தாளும் (மெல்லிய, உறுதியான ஒட்டுத்தாள்) கோதுமை மாவுப் பசையும் போதும், பின்னாளில் நீக்கவும் முடியும்.